சிலம்பம் கற்கத் தொடங்கும் ஆண்டுகள்: கோத்தகிரிப் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுக்கொடுத்து வருகிறேன். புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளும், சேர்ந்த சில மாதங்களில் பிள்ளைகளே கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இவை நான் மாணவியாக இருந்த ஆண்டுகளில் கற்றவற்றிலிருந்தும், பிறகு இந்த மலையில் கற்பித்துப் பார்த்தவற்றிலிருந்தும் வந்த பதில்கள்.

சிலம்பம் என்பது கம்பு சுற்றுவதுதானே?

கம்பு சுற்றுவது அதன் ஒரு பகுதி. திருவிழாவில் மேளத்துக்கு ஏற்ப ஆடுவதை அலங்காரச் சிலம்பம் என்றும், எதிராளியை அடித்துத் தடுத்து நிற்பதைப் போர்ச் சிலம்பம் என்றும் பிரித்துச் சொல்வார்கள். வெறுங்கையால் செய்யும் குத்துவரிசையும் இதனோடு சேர்ந்ததே. கம்பு கைவந்த பிறகு மான்கொம்பு, வளைந்து சுருளும் மெல்லிய தகடாலான சுருள்வாள், வாள் என்று ஆயுதங்கள் விரியும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். ஆனால் சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்ற பொருளும் உண்டு. குறிஞ்சி நிலத் தலைவனைச் சங்கப் பாடல்கள் சிலம்பன் என்றே அழைக்கின்றன. விளையாட்டின் பெயர் இந்தப் பொருளிலிருந்துதான் வந்தது என்று நான் வாதிட வரவில்லை. மலையில் பிறந்து இதைக் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் ஓர் உரிமை இருக்கிறது என்பதை மட்டும் முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஏழு அல்லது எட்டு வயது பொருத்தமானது. அதற்கு முன் வந்தால் விளையாட்டாக ஓடவும் குதிக்கவும் விடுகிறேனே தவிர, வரிசைகளை, அதாவது முறைப்படி அமைந்த அசைவுத் தொடர்களை, சொல்லிக் கொடுப்பதில்லை. முப்பது வயதுக்கு மேல் வந்து நன்றாகக் கற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடுப்பும் கணுக்காலும் இளகுவதற்குச் சற்று அதிகக் காலம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதமாகியும் என் பிள்ளையின் கையில் கம்பு தரவில்லையே, ஏன்?

எல்லாரும் கேட்பது இதைத்தான்; எனவே விரிவாகவே சொல்கிறேன்.

கம்பின் வேகம் மணிக்கட்டில் தெரிந்தாலும் அதன் வலு மணிக்கட்டில் பிறப்பதில்லை. பாதம் தரையில் ஊன்றி, அந்த ஊன்றலில் இடுப்பு திரும்பி, இடுப்பின் திருப்பத்தைத் தோள் வாங்கிக் கைக்குக் கடத்தும்போதுதான் வீச்சு வீச்சாகிறது. கால் சரியாக நிற்காத பிள்ளை கம்பைக் கையில் வாங்கியதும் தோளை இறுக்கிக்கொண்டு கையாலேயே சுற்றப் பழகிவிடும். பார்ப்பதற்கு அதுவும் வேகமாகத்தான் இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எதிரே ஒருவர் நின்று கணுக்காலைக் குறிவைத்து, காலை வாரும் அடியான வாரல் ஒன்றை விட்டால், அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலை எடுப்பது என்று தெரியாது. ஆறு மாதம் தவறாகப் பழகிய தோளைத் திருத்த இரண்டு ஆண்டுகள் ஆவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

அதனால் முதல் மூன்று மாதங்களுக்குக் காலடி மட்டுமே. முன்வைத்தல், பின்வாங்குதல், பக்கம் விலகுதல், நின்ற இடத்தில் திரும்புதல் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிச் செய்வார்கள். இவற்றைப் பழக்க நான் பயன்படுத்துவது மிலாறு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைச் செடியைக் கிளை குறைத்துக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளே மிலாறு, அடுப்பெரிக்க எடுத்துச் செல்வார்கள். முழ நீளமுள்ள எட்டு மிலாறுகளைத் தரையில் இரண்டு வரிசையாகப் பரப்பி வைப்பேன். பிள்ளை வெறுங்காலோடு அவற்றுக்கு நடுவே காலடி வைத்துப் போய்த் திரும்பி வர வேண்டும். கண் என் முகத்தைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. ஒரு மிலாறு நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாதத்தை இழுக்காமல் எடுத்து வைக்கவும், குதிகாலுக்கு முன் பாதத்தின் முன்பகுதி தரையைத் தொடவும் இதைவிடச் சுலபமாகக் கற்றுக்கொடுக்கும் வழி எனக்குத் தெரியாது.

இந்த முறையை நீங்கள் எங்கே கற்றீர்கள்?

என் ஆசானிடம். அவர் இலங்கையின் மலையகத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். அப்படி வந்த குடும்பங்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை வளர்த்தது. நாங்கள் டேன்டீ என்று சொல்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதுதான். ஆசானும் அங்கே கவ்வாத்து வெட்டும் தொழிலாளியாகவே ஓய்வு பெற்றார்.

அவர் இதைச் சிலம்பம் என்று சொல்ல மாட்டார், சிலம்படி என்பார். மலையகத்தில் அப்படித்தான் வழக்கம். நாங்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டோம். மாலையில் கொழுந்து எடை போட்டு முடிந்ததும், எடை போடும் கொட்டகையின் முன்னிருந்த சிறு மட்டத்தில், அதாவது சமதரையில், பேரன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒன்பது வயதில் நான் அதை வேடிக்கை பார்க்கப் போய் நின்றேன். ஐந்தாறு நாள் கழித்து ஒருநாள், வீட்டுக்கு எடுத்துப்போகக் கட்டி வைத்திருந்த மிலாற்றுக் கட்டிலிருந்து எட்டுக் குச்சிகளை உருவித் தரையில் போட்டு, "நின்னு பாத்தது போதும் புள்ள, நடந்து காட்டு" என்றார். நடந்தேன். இரண்டாவது குச்சியே நகர்ந்தது. "மறுபடி வா" என்றார். அன்று இருட்டும்வரை அவர் சொன்னது அந்த இரண்டு சொற்கள் மட்டுமே.

நான் கம்பு பிடித்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. அம்மா தட்டில் வெற்றிலையும் பாக்கும் ஒன்றேகால் ரூபாயும் வைத்துக் கொடுத்தார். தாத்தா வெற்றிலையை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். தரையைத் தொட்டு வணங்கிச் சலாம் வரிசையில் தொடங்குவதை அன்றுதான் சொல்லிக் கொடுத்தார். அதன்பின் பத்து ஆண்டுகள் அவரிடம் மாணவியாக இருந்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் ஒற்றைக்கம்பின் சுழற்சிகளும் வீச்சுகளும் தடுப்புகளும் தவிர அவர் வேறு ஆயுதப் பயிற்சி எதையும் தரவில்லை. தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கையில் பிடித்துச் சுழற்றும் கனமான கர்லாக்கட்டை ஆகியவை நாள்தோறும் உண்டு. கர்லாக்கட்டை வாங்க வசதியில்லாததால் தேய்ந்துபோன பழைய உலக்கையை அளவாக அறுத்துத் தந்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

கம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நேராக நிமிர்ந்து நின்றால் கம்பின் நுனி நெற்றி அளவுக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு அருகில் அமையும். கனம் ஓர் அங்குல அளவில் இருந்தால் பிடி நன்றாக இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கம்பை மாற்ற வேண்டியிருக்கும். அண்ணனுடைய கம்பைத் தம்பிக்குக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். நீளம் கூடிய கம்பு தரையில் இடிக்கும். அதற்குப் பயந்து பிள்ளை கையை உயர்த்திப் பிடிக்கப் பழகிவிடும்.

தொடக்கத்தில் பிரம்பு நல்லது. எடை குறைவு, வளைந்து கொடுக்கும், பட்டாலும் எலும்புக்கு ஆபத்து குறைவு. இரண்டாம் ஆண்டிலிருந்து மூங்கில் தரலாம். உள்ளே துளையில்லாத கல்மூங்கில் கிடைத்தால் மிகச் சிறப்பு. வாங்கிய மூங்கிலைச் சில நாட்கள் ஓடும் நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவுவார்கள். இது வெறும் சடங்கு என்று எண்ண வேண்டாம். மூங்கிலை உளுக்கச் செய்யும் வண்டுகளுக்கு அதிலுள்ள மாவுச்சத்துதான் உணவு. ஊறும்போது அந்தச் சத்துக் கரைந்து வெளியேறிவிடுகிறது. நம் மலையில் இன்னொரு தொல்லை ஈரம். சுவரில் சாய்த்து வைத்த கம்பில் மழைக்காலத்தில் பத்தே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். விறகடுப்பு உள்ள வீடுகளில் அடுப்புக்கு மேலே புகைபடும்படி படுக்கவைத்தால் அந்தக் கவலை இல்லை. அது இல்லாதவர்கள் வாரம் ஒருமுறை துணியால் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.

மூங்கிலைப் பக்கத்துக் காட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. வனப்பகுதிக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. அது காட்டுக்குள் வளரும் மூங்கிலுக்குப் பொருந்தாது. மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போகும்போது கடையில் வாங்கி வாருங்கள்.

இந்தக் குளிரிலும் மழையிலும் பயிற்சி எப்படி நடக்கும்?

சமவெளியில் கற்பிக்கும் முறையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகள் உடலைக் கெடுத்துக்கொள்வார்கள். தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியின் மேற்குப் பக்கத்திலுள்ள கூடலூரும் பந்தலூரும் நனைந்து கிடக்கும்போது எங்கள் பக்கம் தூறலோடு போய்விடும். எங்களுக்குக் கனமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாதங்களும் செம்மண் மட்டத்தில் காலடி பழகுவது ஆபத்து. வழுக்கும் தரையில் பிள்ளைகள் விரல்களைச் சுருக்கிப் பாதத்தை இறுக்கி நிற்கப் பழகுவார்கள்; பிறகு உலர்ந்த தரையிலும் அந்த இறுக்கம் போகாது. எனவே மழைக்காலத்தைக் கூரைக்குக் கீழே குத்துவரிசைக்கும் கர்லாக்கட்டைக்கும் ஒதுக்கிவிடுகிறேன். தாத்தாவும் அப்படித்தான் செய்தார். நான் குத்துவரிசை முழுவதையும் மூன்று மழைக்காலங்களில் கற்றேன்.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் பகுதிகளில் விடியற்காலைப் பயிற்சி வேண்டாம். வெயில் ஏறிப் புல்லின் மேல் பனி கரைந்த பிறகு தொடங்கினால் போதும். குளிரில் விறைத்த விரல்களுக்குக் கம்பின் பிடி தெரியாது. கம்பு நழுவி அடுத்தவர் மேல் பாயும். முதல் கால் மணி நேரம் ஓடி, கைகளை உரசி, மணிக்கட்டைச் சுழற்றி, உள்ளங்கையில் சூடு வந்த பிறகே கம்பை எடுக்க அனுமதிப்பேன். ஸ்வெட்டரோடு பயிற்சி செய்யலாமா என்று கேட்கிறார்கள். தொடக்கத்தில் அணிந்திருக்கலாம், வேர்க்கத் தொடங்கியதும் கழற்றிவிட்டு, முடிந்ததும் உடனே மறுபடி அணிந்துகொள்ள வேண்டும். வேர்வையோடு காற்றில் நின்று பேசிக்கொண்டிருப்பதுதான் சளிக்குக் காரணம் என்று என் அம்மா திட்டியது காதில் இருப்பதால், நானும் அதையே சொல்லித் திட்டுகிறேன்.

உயரத்தைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறையும். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து சேரும் பிள்ளைகள் முதல் வாரம் வழக்கத்தைவிட விரைவில் மூச்சு வாங்குவார்கள். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம்.

மாலை வகுப்பை ஐந்தரை மணிக்கே முடிப்பது ஏன்?

காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் இருட்டியதும் தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிடுகின்றன. பிள்ளைகள் கூட்டமாக, பேசிக்கொண்டே, வெளிச்சம் இருக்கும்போதே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கையில் கம்பு இருக்கிறதே என்ற துணிச்சலில் குறுக்குப் பாதையில் போகக் கூடாது. மனிதருக்கு எதிரே பழகிய எந்த வரிசையும் கரடிக்கு எதிரே உதவாது என்று மாதம் ஒருமுறையாவது அவர்களிடம் கடுமையாகச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

நான் கற்ற காலத்தில் மட்டத்தில் நின்ற ஒரே பெண் நான்தான். வயதுக்கு வந்த பிறகும் அனுப்புவதா என்று உறவினர்கள் கேட்டபோது அம்மா ஒரு மாதம் என்னை நிறுத்தி வைத்தார். தாத்தா வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கொழுந்து விலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார். கிளம்பும்போது வாசலில் எட்டு மிலாறுகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் அம்மாவே என்னை அனுப்பினார். இப்போது என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். மாதவிடாய் நாட்களில் வர விரும்பினால் வரலாம், ஓய்வு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அதை என்னிடம் தயங்காமல் சொல்லப் பழக்குங்கள், அது போதும்.

கராத்தேயில் உள்ளதுபோல் பெல்ட் உண்டா?

மரபுச் சிலம்பத்தில் இல்லை. நிறப்பட்டை முறை கராத்தேயிலும் தொடக்கத்தில் இருந்ததில்லை. 1882ஆம் ஆண்டு கோடோகான் என்ற ஜூடோ பயிற்சிக்கூடத்தை நிறுவிய கானோ ஜிகோரோவின் ஜூடோவிலிருந்து கருப்புப் பட்டை முறையைக் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் எடுத்துக்கொண்டு, 1924இல்தான் தம் மாணவர்களுக்கு முதன்முதலாக வழங்கினார். இன்று சில சிலம்பச் சங்கங்களும் தேர்வு நடத்திப் பட்டை தருகின்றன. பிள்ளைக்கு ஊக்கம் தருமானால் நான் தடுப்பதில்லை. என் வகுப்பில் நான் தருவதில்லை.

அடிபடுமா?

படும். விரல் முட்டிகளிலும் கணுக்காலிலும் முழங்கைக்குக் கீழும் சிறு அடிகள் முதல் ஆண்டில் தவிர்க்க முடியாதவை. உள்ளங்கைக் கொப்புளத்தை உடைக்காமல் விட்டால் நான்கைந்து நாளில் காய்ந்து அந்த இடம் காய்த்துப்போகும். இருவர் எதிரெதிரே நிற்கும் பயிற்சியில் தலைக்கவசம் கட்டாயம். அது இல்லாமல் வரும் பிள்ளை அன்று ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

பெரிய காயங்கள் பெரும்பாலும் எதிராளியின் கம்பால் வருவதில்லை, தரையால் வருகின்றன. பதினாறு வயதில் நான் போன போட்டி ஒன்றில், விரிப்பு எதுவும் இல்லாமல் வழவழப்பான கல் பதித்த மண்டபத்தில் எங்களை ஆடவிட்டார்கள். நடத்தியவர்களிடம் தாத்தா எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் பின்வாங்கும்போது கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து எந்தப் போட்டிக்குப் போனாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், வெறுங்காலோடு களம் முழுவதும் நடந்து பார்க்காமல் என் பிள்ளைகளை இறக்குவதில்லை. தரை சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடுவோம். இரண்டு முறை அப்படி வந்திருக்கிறோம், பிள்ளைகள் அழுதார்கள்.

இதனால் படிப்புக்கோ வேலைக்கோ பயன் உண்டா?

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் இது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. எனவே சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சங்கத்தின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகே கட்டணம் செலுத்துங்கள். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் சேர்க்கும் பெற்றோரிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவது, முதல் இரண்டு ஆண்டுகளில் பிள்ளையை எந்தப் போட்டிக்கும் அனுப்ப மாட்டேன் என்பதுதான். இதைக் கேட்டு வேறு இடம் தேடிப் போனவர்களும் உண்டு.

சுருள்வாளும் தீப்பந்தமும் எப்போது கற்றுத் தருவீர்கள்?

குறைந்தது ஐந்து ஆண்டுகள் கம்பு பழகி, பதினாறு வயது நிறைந்த பிறகு. சித்திரையில் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஒவ்வோர் ஆண்டும் எட்டு வயதுப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். சுருள்வாள் மடங்கித் திரும்பும்போது முதலில் தேடுவது சுழற்றுபவரின் சொந்த முழங்காலைத்தான். அந்த நேரத்தில் கால் தானாக விலக வேண்டும், யோசித்து விலக நேரமில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குக் கீழே போய்விட்டால் பயிற்சி என்ன ஆவது?

என் மாணவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதில் மலையிறங்கிவிடுகிறார்கள். கோவையிலோ சென்னையிலோ விடுதி அறையில் ஐந்தரை அடிக் கம்பைச் சுழற்ற இடம் இருக்காது. சில விடுதிகளில் கம்பை உள்ளே கொண்டுவரவே விடுவதில்லை. அதற்காக வருந்த வேண்டாம். கம்பின் பழக்கம் விடுமுறையில் பத்து நாள் எடுத்தால் மீண்டுவிடும். விடாமல் காக்க வேண்டியது காலடியை. அதற்குக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடம் போதும். காலையில் பல் துலக்குவதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கினால் நான்கு ஆண்டுகளிலும் கெட்டுப்போகாது.

சென்ற ஆண்டு கோவையில் முதலாண்டு சேர்ந்த மாணவி ஒருத்தி, ஓர் ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ அழைப்பில் வந்தாள். கைப்பேசியை நாற்காலி மேல் சாய்த்து வைத்திருந்தாள். விடுதித் தரையில் எட்டுப் பேனாக்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. "மாஸ்டர், சரியா வருதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். ஐந்தாவது பேனா உருண்டது. நான் சொல்வதற்கு முன்பே அவளாகத் திரும்பிப் போய் முதல் பேனாவின் அருகில் நின்றாள்.